யாருடைய நேரம்?

“எப்படி டீச்சர் ரெண்டையும் சமாளிக்கிறீங்க?” ஆசிரியர் தினம் வந்தால் யாராவது கேட்டுவிடுவார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு சாரிடம் இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்தான்.

கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேர வேலை என்கிறது. பாடத் தயாரிப்பும் அதில் அடக்கம். ஆனால் என் தயாரிப்பும் திருத்தலும் நடப்பது இரவு ஒன்பதரைக்கு மேல், அடுப்படியைத் துடைத்த பிறகு. தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது 2019இல் 299 நிமிடம், 2024இல் 289. நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களுக்கும் 97 என்பது 88 ஆகிவிட்டது!

கூடுதல் நேரத்தை என் தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறேன் என்று நெடுநாள் நம்பினேன். அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயரும் வைத்திருந்தேன். போன அரையாண்டுத் தேர்வின்போது விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது படிக்கும் மகள் சோறு வடித்து, தம்பிக்குப் போட்டு, எனக்கும் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் அவளுக்கும் தேர்வு. மகன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட எனக்குத் தோன்றவே இல்லை.

கையிலிருந்த தாள், அடிக்கடி தாமதமாக வரும் ஒரு மாணவியுடையது. அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவதால், தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வருகிறவள். பாதித் தாள் காலி. ‘கவனம் போதாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

தன்னுடையதைக் கொடுத்தால் தியாகம். மகளுடைய நேரத்தைக் கொடுத்துவிட்டு மேடையில் நான் சால்வை வாங்கினால் அதற்கு என்ன பெயர்? என் வீட்டில் ஒரு பெண் குழந்தையின் நேரத்தை எடுத்து, அதே போல நேரம் பறிபோன இன்னொரு குழந்தைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றிரவு குற்ற உணர்ச்சி எனக்கு மட்டும்தான் வந்தது. அதே கூடத்தில் அவளுடைய அப்பாவும் இருந்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மகன் சோறு வடிக்கிறான், பெரும்பாலும் குழைத்துவிடுகிறான். அப்பா பாத்திரம் கழுவுகிறார், ஒவ்வொரு முறையும் நான் ஞாபகப்படுத்தினால். அந்த ஞாபகப்படுத்தலை எந்தக் கணக்கில் சேர்ப்பதோ!

இந்த முறை மதிப்பெண் பட்டியலை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தேன். தலைமையாசிரியர் காரணம் கேட்டார். நேரம் போதவில்லை என்றேன்.