வந்தவை யாவும் பகையோ?

சித்தூரிலும் திருப்பதியைச் சூழ்ந்த ஊர்களிலும் நீர் வற்றிய ஏரிகள் பலவற்றை முள்மரம் ஒன்று மூடிக் கிடக்கின்றது. அதனை நாம் சீமைக் கருவேலம் என்கிறோம். நம்மோடு வாழும் தெலுங்கு மக்கள் 'சர்க்கார் தும்ம' என்பர். ஒரு பெயர் அம்மரம் வந்த திசையைச் சுட்டுகிறது. மற்றது அதனைக் கொணர்ந்த கையைச் சுட்டுகிறது. இவ்விரண்டனுள் எது நீதியான பெயர்?

ஜமைக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட விதைகள் 1877-ஆம் ஆண்டில் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. அவற்றை வேண்டிப் பெற்றவர் சென்னை மாகாண வனத்துறை அதிகாரியான பெடோம். வறண்ட நிலத்தில் விறகுக்கு வழி காண்பதே நோக்கம். அதே பெடோமின் பெயரைத் தாங்கிய 'சைகஸ் பெடோமி' என்னும் அரிய செடியோ, திருப்பதி, கடப்பை மலைப்பகுதிகளுக்கே உரியது. இம்மண்ணின் செடிகொடிகளை ஆராய்ந்து போற்றியவர் வாயிலாகவே இம்மண்ணுக்கு இடரும் வந்தது. நல்லெண்ணம் மட்டும் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேற்று நாட்டது ஆதலால் தீயது என்பாரும் உளர். அங்ஙனமாயின், சித்தூரின் மானாவாரி நிலங்களில் உழவர்க்குக் கைகொடுத்த வேர்க்கடலையை என்னென்பது? மதனப்பள்ளிச் சந்தையில் குவியும் தக்காளியும், நம் குழம்புக்குக் காரமூட்டும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவையே. அவற்றை எவரும் அந்நியம் எனத் தள்ளுவதில்லை.

பிறப்பிடத்தால் உரிமையை அளப்பதன் பிழையை இவ்வட்டாரத்துத் தமிழர் நன்கு அறிவர். 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மக்கள் இடம் பெயரவில்லை, கோடுதான் பெயர்ந்தது. நேற்றுவரை ஊரார் எனப்பட்டவர் இன்று சிறுபான்மையினர் ஆயினர். எனவே, எங்கிருந்து வந்தது என்பதை விடுத்து, வந்த இடத்தில் எங்ஙனம் வாழ்கிறது என்று வினவுவதே முறை.

அவ்வினாவுக்குச் சீமைக் கருவேலம் விடை சொல்லத் திணறும். அதன் இனிய காய்களை ஆடுமாடுகள் தின்கின்றன; விதைகள் சாணத்தோடு பரவுகின்றன. வெட்டினும் அடிமரம் மீண்டும் துளிர்க்கிறது. அதன் நிழலில் புல்லும் அருகிவிடுகிறது. மேய்ச்சல் நிலம் முட்காடாகிறது. தன்னருகே பிறிதொன்றை வாழவிடாமையே அதன் குறை. ஆயினும் மரத்துக்கு அறம் தெரியாது. ஆகவே பொறுப்பு, நட்டோர்க்கும் குடிமராமத்தைக் கைவிட்ட சமுதாயத்துக்குமே உரியது.

மற்றொன்றும் மறத்தலாகாது. அம்மரத்தை விறகாக்கியும் கரி சுட்டும் உலை வைப்போர் நிலமற்ற ஏழையர். ஒரே நாளில் முற்றும் அழிப்போம் என்பார், அவ்வடுப்புகளுக்கு மறுமொழி கூறவேண்டும். ஏரியின் உள்வாயிலும் வரத்துக் கால்வாயிலும் உள்ளவற்றை முதலில் வேரோடு அகற்றுக. அப்பணியை அவ்வேழையர்க்கே கூலியோடு அளிக்க. புங்கும் நாவலும் கரைகளில் நட்டு, அவை தழைக்கும்வரை பேணுக. மாற்றுப் பிழைப்பு அமையும்வரை புறம்போக்கில் நிற்பவை சிறிது காலம் நிற்கட்டும்.

'சீமை' என்னும் பெயர் பழியைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிடுகிறது. 'சர்க்கார்' என்னும் பெயரோ கொணர்ந்தவர் கடமையை நினைவூட்டுகிறது. தெலுங்கர் இட்ட பெயரே நீதியானது என்போம்.