ஆண்டியும் மடமும்

ஆண்டிமடம் என்ற ஊர்ப்பெயருக்குள் ஒரு முரண் இருக்கிறது. ஆண்டி தனியன், எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாதவன். மடம் பலருக்கானது, கூரையும் நியமமும் உடையது. ஒரு ஞானியின் தனி அனுபவத்தைப் பலர் கூடிப் பாடலாமா என்ற கேள்வியும் இந்த முரணில்தான் நிற்கிறது.

அதே அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் இதை ஒருவிதத்தில் எதிர்கொண்டவர். 1726இல் முடிந்த தேம்பாவணியின் மூலங்களில் ஒன்று, ஸ்பானியக் கன்னிகை மரியா தெ ஆகிரெதா (1602–1665) தேவமாதாவே தமக்கு அருளியதாகச் சொல்லி எழுதிய நூல். மடத்து அறையில் ஒருத்தி கண்டது 3615 பாடல்களாகச் சபையேறிற்று. ஆனால் காப்பியக் கவி பிறர் கதையைச் சொல்கிறான். அனுபவித்தவளின் ‘நான்’ பின்னால் ஒதுங்கிவிடுகிறது. சேர்ந்திசையில் அப்படி ஒதுங்க இடமில்லை. ஐம்பது தொண்டைகள் ஒரே சமயத்தில் ‘நான் அழுகிறேன்’ என்கின்றன. அழுவது யார்?

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘ஆதாமின் புலம்பல்’ 2010இல் இஸ்தான்புல்லில் முதன்முதலாகப் பாடப்பட்டது. சேர்ந்திசைக் குழு, தந்தி வாத்தியங்கள், அவ்வளவே. சொற்கள் ஆதோஸ் மலைத் துறவி சிலுவானுடையவை (1866–1938). ரஷ்யக் குடியானவர்; பள்ளிப்படிப்பு சொற்பம். அவர் எழுதிவைத்ததை, இறந்தபின் சீடர் சொஃப்ரோனி வெளியிட்டார். கடவுளின் அருகாமையை அறிந்து, பின் இழந்தவனின் ஏக்கம் அது. அதை அவர் ஆதாமின் வாயில் வைத்தார். ஆதாம் ஒருவன்; எல்லோரும் அவனே. ஆக, இசை வருமுன்பே அந்த ‘நான்’ பொதுவாகிவிட்டது. பேர்ட் பூட்டை உடைக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது.

ஆனாலும் ஒரு தார்மீகப் பிரச்சினை மிஞ்சுகிறது. விலை கொடுத்தவர் சிலுவான். பாடுகிறவர்களும் கேட்கிற நாமும் கொடுக்கவில்லை. இரவல் கண்ணீருக்கு ஒரு சுகம் உண்டு. கத்தோலிக்கக் குரு ஜெகத் கஸ்பர் முன்னின்று நடத்திய முயற்சியாக, 2005இல் இளையராஜாவின் ‘திருவாசகம்’ புடாபெஸ்ட் வாத்தியக் குழுவோடு வெளிவந்தபோது, மதம் குறுக்கே நிற்கவில்லை என்று மகிழ்ந்தோம். அந்தச் சுகம் குறுக்கே நிற்கிறதா என்று யாரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான். பலர் சேரும்போது அந்த ‘நான்’ பருக்கிறதா, கரைகிறதா? பருத்தால் அது ஊர்வலம். 1976 முதல் பேர்ட் கைக்கொண்ட முறையில் ஒரு குரல் படிப்படியாக அலைகிறது. இன்னொன்று மூன்றே ஸ்வரங்களை விட்டு நகர்வதில்லை. சொல்லின் நீளமும் நிறுத்தமும் இசையை ஆள்கின்றன. வாக்கியம் முடிந்ததும் மௌனம். பாடகன் தன் உருக்கத்தைக் காட்டிக்கொள்ள அங்கே இடைவெளி கிடைப்பதில்லை.

ஞானியின் அனுபவம் நமக்கு வாய்க்கவில்லை. அந்த இல்லாமையாவது நம்முடையது. அதை யாரிடமும் இரவல் வாங்க வேண்டியதில்லை. ஆதாம் அழுததும் இல்லாமற்போனதற்காகத்தான். விசுவாசம் இல்லாதவன்கூட அந்த வரிசையில் நின்று பொய்யில்லாமல் பாடலாம்.