இரவில் அணைத்த பெட்டி

2023-ஆம் ஆண்டு மே மாதம். பேரக் குழந்தைகள் கோடை விடுமுறைக்கு வந்து திரும்பிய சில நாள்களில், மின் கணக்கெடுப்பவர் எங்கள் வீட்டு அட்டையில் 512 என்று எழுதிச் சென்றார். இரண்டு மாதங்களுக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, எங்களைப் போன்ற ஓய்வூதியக்காரர் வீடுகளில் ஒரு நோன்பு போன்றது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண முறைப்படி, 500-ஐத் தாண்டினால் இரண்டாம் நூறு யூனிட்டுக்கு உரிய குறைந்த கட்டணமும் கைநழுவிப் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 512 யூனிட்டுக்கோ 2,046 ரூபாய். பன்னிரண்டு யூனிட்டுக்காக 321 ரூபாய் கூடுதல்!

குற்றவாளியைத் தேடினேன். விசிறியும் விளக்கும் நாம் அறையை விட்டு வெளியேறும்போது நிறுத்தக்கூடியவை. இரவு பகலாக மின்சாரம் உண்பது சமையலறை மூலையில் நிற்கும் குளிர்சாதனப் பெட்டி ஒன்றே. அதன் கம்ப்ரஸர் 120 வாட் திறனுடையது என்றும், ஒரு நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட். இரண்டு மாதங்களில் 86 யூனிட். இரவில் எவரும் அதைத் திறப்பதில்லையே, பிறகு ஏன் ஓட வேண்டும் என்று எண்ணி, அன்று முதல் இரவு பத்து மணிக்கு அதன் மின்னிணைப்பை நிறுத்தினேன். காலை ஐந்து மணிக்கு மீண்டும் இயக்கினேன்.

நான்காம் நாள் காலையில், எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையார் தயங்கித் தயங்கி என் முன் வந்து நின்றார்.

“ராத்திரியிலே பிரிட்ஜை நிறுத்தறீங்களாமே ஐயா? உள்ளே என் ஊசி மருந்து இருக்குதுங்க. கெட்டுப் போயிருக்குமா?”

அரசு மருத்துவமனையில் கொடுத்த இன்சுலின் குப்பிகள் அவை. என் மனைவி அவருக்கு இடம் கொடுத்திருந்தார், எனக்குத் தெரியாது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும், உறைந்துவிடவும் கூடாது. தகரக் கூரை வேய்ந்த ஒற்றை அறையில், அக்கினி வெயிலில், அவர் அதை எங்கே வைப்பார்? அவருடைய கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. மருந்துக் கடைக்காரரிடம் விசாரித்து வந்து, மூடிய பெட்டிக்குள் சில மணி நேரம் குளிர் தங்கியிருக்கும் என்று அறிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

அன்று பெட்டியை முழுமையாகத் திறந்து பார்த்தேன். மூன்று நாள் பழைய சட்னி. எவரும் இனி உண்ணப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த குழம்பு. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு வாங்கிக் கல்லாகிப்போன கேக். இவற்றின் நடுவே, கதவோரத் தட்டில், ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் இரண்டு சிறு குப்பிகள். மின்மானிக்கு இவற்றிடையே வேறுபாடு தெரியாது. எத்தனை யூனிட் என்பதை மட்டுமே அது சொல்லும். எதற்காக, யாருக்காக என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நானோ மூன்று நாள்களாக அதன் கணக்கையே என் மனச்சான்றின் கணக்காகவும் வைத்துக்கொண்டிருந்தேன்.

குளிர் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை நம் முன்னோர் கண்ணால் கண்டனர். அமெரிக்காவின் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிக் கடல்கள் கடந்து சென்னைக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அதைச் சேமிக்க 1842-ஆம் ஆண்டளவில் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. அது வெள்ளையருக்கும் செல்வருக்கும் உரிய பொருள். ஆனால் அதை வாங்கியவர் கண்ணெதிரே அது உருகியது. இன்று நம் பெட்டியில் எதுவும் உருகுவதில்லை. செலவு சுவருக்கு அப்பால் நடைபெறுகிறது.

“காசு கொடுக்கிறேன், பயன்படுத்துகிறேன், யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்கலாம். நானும் கேட்டவனே. ஆனால் கட்டணம் செலுத்தியதோடு கடன் தீர்ந்துவிடுகிறதா? சூரிய ஒளி இல்லாத இரவில் நம் பெட்டிக்கு வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கிறோம். அதற்காக ஊரையும் வயலையும் விட்டுப் பெயர்ந்தவர்கள் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததால் வலையை இழந்த மீனவர்கள் உண்டு. 2016-இல் அரசு அறிவித்த முதல் 100 யூனிட் இலவசமும் வானத்திலிருந்து விழுந்ததன்று. பொதுப் பணத்திலிருந்து வந்தது அது. சோப்புக்கும் செருப்புக்கும் வரி கொடுக்கும் அந்த அம்மையாரின் காசும் அப்பணத்தில் உண்டு. ஆக, அவர் குப்பிகளுக்கு நாங்கள் இடம் கொடுத்தோம் என்பதைவிட, எங்கள் பழங்குழம்புக்கு அவரும் பணம் கட்டினார் என்பதே உண்மைக்கு அருகில் இருக்கிறது.

இதனால் குளிர்சாதனப் பெட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மிஞ்சியதை அண்டை வீட்டாரோடு பகிர்ந்த அந்தக் காலத்தைப் புகழ்வது எளிது. அந்தக் காலத்தில் நாள்தோறும் மாவரைத்து, மூன்று வேளையும் அடுப்பில் வெந்தவர்கள் பெண்கள் என்பதை ஆண்களாகிய நாம் மறந்துவிடுகிறோம். என் தாய்க்கு இப்படியொரு பெட்டி இருந்திருந்தால் அவர் மாலை வேளைகளில் சற்று உட்கார்ந்திருப்பார்.

சிக்கனத்தில் இருவகை உண்டு என்று இப்போது நினைக்கிறேன். பையைக் காக்கும் சிக்கனம் ஒன்று. பிறரை நினைக்கும் சிக்கனம் மற்றொன்று. முன்னது என்னை இரவில் இணைப்பை நிறுத்த வைத்தது. அதிலும் பெரிய ஆதாயம் இல்லை. இரவில் உள்ளே புகுந்த வெப்பத்தை வெளியேற்றக் காலையில் கம்ப்ரஸர் இன்னும் நெடுநேரம் ஓடத்தான் செய்யும். பின்னது என்னைக் குனிந்து வேலை செய்ய வைத்தது. கதவில் தளர்ந்துபோன ரப்பர் பட்டையை மாற்றினேன். பின்புறக் கம்பிகளில் படிந்த தூசியைத் துடைத்தேன். காற்றோட்டத்துக்காகப் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினேன். சூடான பாத்திரத்தை உள்ளே வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். நாளை நாம் உண்ண மாட்டோம் என்று தெரிந்ததை, உண்ணத் தகுந்த நிலையிலேயே இன்று கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்தோம்.

அடுத்த முறை அட்டையில் 430 என்று எழுதியிருந்தது. பேரக் குழந்தைகள் ஊரில் இல்லாததே அதற்குப் பெருங்காரணம். ஆகவே இதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. கதவோரத் தட்டில் அந்தக் குப்பிகள் இருக்கின்றன. அவற்றை எடுக்கும்போது அந்த அம்மையார் இப்போதெல்லாம் என்னிடம் அனுமதி கேட்பதில்லை. அதுவே எனக்கு நிறைவாக இருக்கிறது.