காத்திருப்பவரின் உரிமை

கள்ளக்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் ஒருவன் கனடாவில் குடியேறி, அந்நாட்டுப் பிரஜையாகவும் ஆகிவிட்டான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் குழந்தை இல்லை. இந்தியாவில் உள்ள ஏதாவதொரு குழந்தைகள் இல்லத்திலிருந்து, ஒரு பிள்ளையை அல்ல, கூடப் பிறந்த இரண்டு பிள்ளைகளைச் சேர்த்துத் தத்தெடுக்க வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டு மூன்று வருஷங்களாகக் காத்திருந்தார்கள். மாடியில் ஓர் அறைக்கு வர்ணம் பூசி, இரண்டு கட்டில்களும் போட்டாகிவிட்டது. போனில் பேசும்போதெல்லாம் அந்த அறையைப் பற்றித்தான் பேசுவான். ஜன்னலைத் திறந்தால் ஒரு மேப்பிள் மரம் தெரியுமாம்.

2024 ஜூன் மாதத்தில் எங்கள் ஊரின் பெயர் உலகமெங்கும் அடிபட்டது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் மாண்டு போனார்கள். கருணாபுரத்தில் அடுத்தடுத்த வீடுகளில் சாவுப் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது இந்த ஜன்மத்தில் மறக்காது. அந்த வாரத்தில்தான் அவன் கூப்பிட்டான்.

“ஏண்டா, தாய் தகப்பன் இரண்டு பேரையுமே பறிகொடுத்த பிள்ளைகள் இருக்கிறார்களாமே! அண்ணன் தங்கச்சி, அக்கா தம்பி என்று இருப்பார்கள் அல்லவா? நீ கொஞ்சம் விசாரித்துப் பாரேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழவு வீட்டு வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது? “அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சர்க்காரும் 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறது. படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகுதான் என் கோபத்தை நினைத்து எனக்கே வெட்கமாயிற்று. அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மூன்று வருஷம் காத்திருந்த மனம் அப்படிக் கேட்க வைத்தது.

எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர்களை நான் பெறுவதற்கு முன்னால் எந்த அதிகாரியும் என் வீட்டுக்கு வந்து அறைகளை அளந்து பார்க்கவில்லை. என் வரும்படி என்ன, என் இரத்த அழுத்தம் என்ன, எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேறியிருப்பேனா என்பது சந்தேகம். அவனை இத்தனையும் கேட்டார்கள். அவனும் பொறுமையாகப் பதில் சொன்னான். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிற ஒருவனுக்கு, அந்தக் காத்திருப்பினாலேயே ஓர் உரிமை வந்துவிடுகிறதா இல்லையா?

ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றவனுக்கு அரிசியின் மேல் ஓர் உரிமை உண்டு என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொள்வோம். ஆனால் அரிசிக்குப் பாட்டி கிடையாது.

நம் பழைய சுவீகாரம் பிள்ளைக்காக ஏற்பட்டதல்ல. கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும், சொத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. அதனால்தான் மகனை மட்டும் எடுத்தார்கள். 1956-ல் வந்த இந்துத் தத்தெடுப்புச் சட்டம் பெண் பிள்ளையையும் எடுக்கலாம் என்றது. ஆனால் ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனை எடுக்கக் கூடாது, மகள் இருப்பவர் இன்னொரு மகளை எடுக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது, இன்றும் சொல்கிறது. அதாவது அநாதையாக நிற்கிற அண்ணன் தம்பி இருவரை ஒரே வீட்டுக்கு அந்தச் சட்டத்தின்படி கொண்டுவர முடியாது! ஒரு வீட்டுக்கு ஒரு கொள்ளி போதும் என்ற கணக்கு. இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் அதற்கு வந்த திருத்தமும்தான் இந்த முடிச்சை அவிழ்த்தன.

வெளிநாட்டுத் தத்தைப் பொறுத்தவரை, 1984-ல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வக்கீலின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விதிகளை வகுத்தது. அவர் கோர்ட்டுக்கு எழுதிய ஒரு கடிதம்தான் அந்த வழக்கின் ஆரம்பம். முதலில் பெற்றவர், இல்லாவிட்டால் இந்நாட்டிலேயே ஒரு குடும்பம், அதுவும் அகப்படாவிட்டால்தான் கடல் கடந்த வீடு. இன்றைய சட்டமும் அந்த வழியில்தான் நடக்கிறது. மனம் மாறித் திரும்பி வரட்டும் என்று, பிள்ளையை ஒப்படைத்த தாய்க்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கண்டெடுத்த பிள்ளையானால் உற்றாரைத் தேடிப் பார்த்த பிறகே குழந்தைகள் நலக் குழு அதைத் தத்துக்கு உரியது என்று அறிவிக்கலாம். இந்தத் தாமதத்தை என் நண்பன் சிவப்பு நாடா என்கிறான். நாடாவும் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அதில் ஒரு பகுதி, யாராவது வருவார்களா என்று வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிற நேரம்.

கதவைச் சீக்கிரம் சாத்தினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள், தாயே கொடுத்ததாகப் பொய்க் காகிதம் எழுதி வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டது 2005-ல் அம்பலமாயிற்று. 2010-ல் ஹெய்ட்டித் தீவில் பூகம்பம் வந்தபோது, அமெரிக்காவிலிருந்து சென்ற பத்துப் பேர் 33 குழந்தைகளை அநாதைகள் என்று சொல்லி எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துப் பிடிபட்டார்கள். விசாரித்தால் அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். பிடிபட்டவர்கள் பிரார்த்தனை செய்துவிட்டுப் புறப்பட்ட பக்திமான்கள். திருடனைவிட இவர்களைப் பற்றித்தான் எனக்குப் பயம் அதிகம். திருடனுக்குத் தான் திருடுகிறோம் என்பது தெரியும்.

என் நண்பன் இதற்குச் சொன்ன பதிலையும் நான் சொல்ல வேண்டும். சீனா 2024-ல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இன்னாருடைய பிள்ளை இது என்று நிச்சயமாகி, படம் வாங்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய பிறகு, கோவிட் வந்து பயணம் நின்று, நாலு வருஷம் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் கதவு மூடியது. “அங்கே அந்தப் பிள்ளைகளும் நமக்கு ஓர் அப்பா அம்மா வரப்போகிறார்கள் என்று காத்திருந்தார்களே, அதற்கு என்ன சொல்கிறாய்? நீ சொல்கிற கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே பையனுக்கு வயது ஏறுகிறது. ஆறு வயதில் எடுக்க ஆள் உண்டு, பத்து வயதில் உண்டா? அதுவும் தங்கையோடு?”

அவன் பேச்சில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் தத்தெடுக்கப் பதிந்து காத்திருப்பவர்கள் 30,000-க்கு மேல். தத்துக்கு உரியவர்கள் என்று அறிவிக்கப்பட்ட பிள்ளைகளோ 3,000-க்கும் குறைவு. இத்தனை பேர் வரிசையில் நின்றும், கூடப் பிறந்தவர்களாக வருகிற பிள்ளைகளை நம்மவர்கள் எளிதில் எடுப்பதில்லை. எல்லோருக்கும் வேண்டியது ஒற்றைக் கைக்குழந்தை. ஆகவே அண்ணன் தங்கைகள், வளர்ந்தவர்கள், ஊனமுற்றவர்கள் ஆகியோரின் பெயர்கள்தாம் வெளிநாட்டார் பார்க்கும் பட்டியலுக்குப் போகின்றன. நாம் வேண்டாம் என்றவர்களை அவன் வேண்டும் என்கிறான். அவனுக்கு உபதேசம் செய்ய நமக்கு வாய் ஏது?

இந்த எண்ணம் தீராமலே 2025 பொங்கல் சமயத்தில் சாமை வாங்குவதற்காகக் கல்வராயன் மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மேலே ஏறினால் வெள்ளிமலை. அதற்கும் அப்பால் ஒரு சிற்றூரில், ஒரு பாட்டி வாசலில் கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனும் ஆறு வயதுப் பெண் ஒருத்தியும். தாய் காய்ச்சலில் இறந்துவிட்டாள். தகப்பன் கேரளத்துக்கு வேலைக்குப் போனவன்தான். இரண்டு வருஷமாய்த் தகவல் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். நான் அந்தப் பெண்ணிடம் பெயரைக் கேட்டேன். அவள் எனக்குப் பதில் சொல்லவில்லை. அண்ணன் காதில் சொன்னாள். அவன் என்னிடம் சொன்னான். எந்த வகுப்பு என்று கேட்டபோதும் அப்படியே.

அந்த நிமிஷத்தில் என் மனம் செய்த காரியத்தை நான் மறைக்கப் போவதில்லை. இருவரையும் தூக்கிக்கொண்டு போய் அந்த இரண்டு கட்டில்களில் கிடத்தி, மேப்பிள் மரத்தைக் காட்டியது. எழவு வீட்டு வாசலில் நின்று பேசுகிறாயா என்று அவன்மேல் கோபப்பட்டவன் நான்!

நான் ஒன்றும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பாட்டி தானாகவே சொன்னார்: “யாரோ டவுன்ல இருந்து வந்தாங்க சாமி. இல்லத்துல சேர்த்துடு, நல்லாச் சாப்பாடு போடுவாங்கன்னாங்க. ஏன், இங்க சாப்பாடு இல்லியா?” உள்ளே அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது.

அநாதை என்பவர் யார் என்று சட்டம் ஒரு விளக்கம் சொல்கிறது. பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாத பிள்ளை மட்டும் அல்ல. பாதுகாவலர் இருந்தும் அவருக்கு வளர்க்க விருப்பமில்லை, அல்லது திறனில்லை என்றால் அந்தப் பிள்ளையும் அநாதைதான். விருப்பம் இருக்கிறதா என்று பாட்டியைக் கேட்டால் தெரிந்துவிடும். திறனை யார் அளப்பது, எந்தப் படியால் அளப்பது? மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது வந்தால் அந்த அம்மாளுக்குத் திறன் வந்துவிடும், வராவிட்டால் திறனற்றவர். தாயின் இறப்புச் சான்றிதழ் கூட வாங்கியிருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மனுக்கள் எழுதி, பாட்டியின் கைரேகை வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அன்றிரவு நானே நண்பனைக் கூப்பிட்டேன். காதில் சொல்லி அண்ணன் மூலம் பேசுகிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன்; மனு எழுதிக் கொடுத்ததையும் சொன்னேன். வெகுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, “அந்தப் பாட்டிக்கு என்ன வயதிருக்கும்?” என்று கேட்டான்.

“எழுபதுக்கு மேல் இருக்கும்” என்றேன்.

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.