கேயாசி மறைத்த மூட்டை

 

இந்த மாதம் ஆவியானவர் என் உள்ளத்தில் பாரமாய் வைத்த பகுதி 2 இராஜாக்கள் 5-ம் அதிகாரம். சீரியாவின் படைத்தலைவன் நாகமான் யோர்தானில் ஏழுதரம் முழுகி, குஷ்டம் நீங்கிச் சுகமானான். அவன் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் நிறை பொன்னும் கொண்டுவந்திருந்தான். எலிசா ஒன்றையும் தொடவில்லை. ஆனால் அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே ஓடினான். ஊழியத்தின் பேரைச் சொல்லியே பொய் சொன்னான்! இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று வஸ்திரங்களும் கிடைத்தன. வீட்டிலே வைத்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல எஜமான் முன் வந்து நின்றான்.

எலிசா கேட்டது ஒரே கேள்வி: எங்கேயிருந்து வருகிறாய்? தேவன் அவருக்கு எல்லாவற்றையும் ஏற்கெனவே காண்பித்திருந்தார். பின் ஏன் கேட்டார்? தேவ பிள்ளையே, அந்தக் கேள்வி தண்டனை அல்ல, கிருபை! ஏதேனிலே ஆதாமிடம் ஆண்டவர் கேட்டதும் அப்படித்தான். அறிக்கை செய்ய ஒரு வாசல் திறந்தது. கேயாசியோ, எங்கேயும் போகலையே என்று அதை மூடிப்போட்டான். நாகமானை விட்ட குஷ்டம் அவனைப் பிடித்தது.

என் சாட்சியையும் சொல்லுகிறேன். ஊழியத்திற்கு வருமுன் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இரட்சிக்கப்பட்டு ஞானஸ்நானமும் எடுத்தாயிற்று. வெளியூர் வேலைக்கு சாதா பஸ்ஸில் போய்விட்டு, ரயில் கட்டணம் என்று பில் எழுதினேன். எல்லாரும் செய்யறதுதானே என்று நினைத்தேன். அந்தப் பணத்தில் தசமபாகமும் கொடுத்தேன்! ஒரு உபவாச ஜெபத்தில் இதே அதிகாரம் வாசிக்கப்பட்டது. என்னால் கையைத் தூக்கித் துதிக்க முடியவில்லை.

மறுநாள் பணத்தோடு அதிகாரி முன் போய் நின்றேன். அவர் மெச்சவில்லை, கோபப்பட்டார். மெமோ வந்தது. அந்த வருஷம் சம்பள உயர்வு நின்றது. வீட்டில் கஷ்டம்தான். ஆனால் அன்று இரவு முழங்காலில் நின்றபோது, பல மாதங்களாய் அடைபட்டிருந்த என் ஜெபம் திறந்தது. அல்லேலூயா!

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் ஏதாவது மூட்டை உண்டா? தராசில் குறைத்தது, திருப்பிக் கொடுக்காத கடன், உடன்பிறந்தாளுக்கு மறைத்த பங்கு? சபையில் அந்நிய பாஷை பேசி, கடையில் கள்ளக் கணக்கு எழுதலாமா? சகேயு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது, அவன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததே!

ஒன்றை மறவாதேயுங்கள். நம்மைப் பார்க்கிற கண்கள் வேவுகாரனின் கண்கள் அல்ல. வனாந்தரத்தில் திக்கற்று உட்கார்ந்திருந்த ஆகாரைக் கண்டதும் அதே கண்கள்தான். உண்மையாய் இருப்பதால் நீங்கள் இழப்பதையும் அவர் காண்கிறார்.

ஜெபிப்போமா? ஆண்டவரே, நான் மறைத்து வைத்ததை இன்றைக்கே உம் பாதத்தில் கொண்டுவருகிறேன். திருப்பிக் கொடுக்கத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.