பிறவிக் கணக்கும் பாலிசிக் கணக்கும்

மைசூரிலுள்ள பரகால மடம், வைஷ்ணவ ஆசாரியர் வேதாந்த தேசிகரின் சிஷ்ய பரம்பரையில் தோன்றி, மைசூரை ஆண்ட உடையார் வம்சத்துக்கு ஆசார்ய பீடமாக விளங்கியதைப் பலரும் அறிவர். அதே சமஸ்தானத்தில் 1891-லேயே அரசு ஊழியருக்கென ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏற்பட்டதை அறிந்தவர் சிலரே. ஒருவன் தனித்துச் சுமக்க இயலாத பாரத்தை மற்றொருவர் ஏற்பது எந்த நியாயத்தின்பேரில் என்பதே இரண்டுக்கும் அடிப்படையான கேள்வி.

மைசூரின் மானஸகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புல நிறுவனத்துக்கு, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பேச்சுப் பயிற்சிக்காக அழைத்து வரும் பெற்றோர்க்கு அக்கேள்வி வேறு வடிவில் வருகிறது. தனியார் கம்பெனியின் மெடிக்கல் பாலிசிக்கு விண்ணப்பம் நிரப்புகையில், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று எழுதிய மாத்திரத்தில் ஏஜெண்டின் உற்சாகம் வடிந்துவிடும். முன்பே இருந்த நோய், பிறவிக் குறை என்று வகைப்படுத்திக் கம்பெனி அக்குழந்தையை விலக்குவதும், பூர்வ ஜன்ம கர்மம் என்று அண்டை வீட்டார் பெருமூச்சு விடுவதும் தத்துவத்தில் ஒன்றே: பிறக்கும்போது கொண்டுவந்தது அவனவன் கணக்கு, அதில் பிறருக்குப் பங்கில்லை.

கம்பெனியின் வாதத்தை இகழ வேண்டியதில்லை. நிச்சயமாக வரப்போகும் செலவை எல்லோருடைய பிரீமியத்திலும் ஏற்றினால் ஆரோக்கியமுள்ளவர்கள் விலகுவர், பொதுநிதி வற்றும் என்பது கணிதம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பிறவியிலேயே இருதயக் குறை இருப்பதும் உண்மை. ஆனால் மறுபாதிக்கு அது இல்லை. இருதயத்தைப் பரிசோதியாமல் பெயரைக் கண்டதுமே மறுப்பதற்குக் கணிதம் சாக்ஷி சொல்ல வராது.

சட்டமும் இவ்விடத்தில் விசித்திரமாகத் தடுமாறுகிறது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் அளிக்க வேண்டுமென்று விதித்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குத் தான் வகுத்த இலக்கணத்திலிருந்து அறிவு வளர்ச்சிக் குறையை நீக்கிவிட்டது. அது நோயன்று என்பது சத்தியமே. அந்தச் சத்தியத்தாலேயே பாதுகாப்பு கைநழுவிற்று. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் முன்பரிசோதனையின்றி அறிவு வளர்ச்சிக் குறையுள்ளோரை ஏற்கிறது. ஆயினும் அது தரும் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய் ஓர் இருதய அறுவைக்குக் காணாது.

பிறர் பாரத்தை ஏற்பது பற்றிய கேள்விக்குச் சமயம் வேறு விடை சொல்கிறது. மைசூருக்கு வடக்கே மேல்கோட்டையில் பல்லாண்டு வாழ்ந்த இராமாநுஜரைப் பற்றி வைஷ்ணவர்கள் ஒரு கதை சொல்வர். வாய் பேசாத ஒருவனை அவர் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தி, தம் திருவடிகளை அவன் தலையில் வைத்து, இதுவே உனக்குத் தஞ்சம் என்று ஜாடையால் உணர்த்தினாராம். இடுக்கின் வழியே அதைக் கண்ட அவருடைய சீடர் கூரத்தாழ்வான், சாஸ்திரங்களைக் கற்ற தமக்கு இப்பேறு வாய்க்கவில்லையே என்று மூர்ச்சித்தாராம். பரகால மடத்தின் தேசிக சம்பிரதாயத்திலும் ஆசார்ய நிஷ்டை என்றொரு வழி உண்டு; சிஷ்யனுக்காக ஆசார்யரே பரந்யாசம், அதாவது அவன் பாரத்தை ஈசுவரனிடம் ஒப்படைத்தல், செய்துவிடுவார். வைஷ்ணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் எத்தனையோ விஷயங்களில் மல்லுக்கு நின்றாலும், அறிவின்மை அடைக்கலத்துக்குத் தடை என்று இரு சாராருமே சொல்லவில்லை.

ஈசுவரனின் கருணை அளவற்றது, கம்பெனியின் நிதியோ அளவுள்ளது என்று ஆட்சேபிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அளவுள்ள நிதி எவ்வளவு கொடுப்பது என்று வரையறுத்துக்கொள்ளட்டும்; யாரை ஏற்பது என்பதைப் பிறவியைக் கொண்டு தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது?

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2023 பிப்ரவரியில், மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியைக் கம்பெனிகள் வைத்தே தீரவேண்டும், அவர்களுடைய விண்ணப்பத்தை நிராகரிக்கலாகாது என்று பணித்தது. அந்த அளவில் பிறவிக் கணக்கு தோற்றது. எனினும் முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம், 2024-இல் குறைக்கப்பட்ட பின்னரும், மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். இருதயத்தில் பெரிய துளையுடன் பிறந்த குழந்தைக்கோ அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே தேவைப்படுகிறது.