திறமை யாருக்குரியது?
மாயா மூரின் துறப்புக் குறித்த ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒருவரிடத்து அமைந்த அரிய திறமை அவருக்கே உரியதா, அன்றி அதனாற் பயன்பெறுவோர்க்கும் அதில் உரிமையுண்டா என்ற வினா ஒழுக்கவியலிற் பழையது. திறமையை வளர்க்காது சோம்பியிருப்பவனைப் பற்றி மெய்யியலாளர் நிறையவே பேசியுள்ளனர். திறமையை அதன் உச்சம்வரை வளர்த்தபின் வேறொன்றன் பொருட்டு அதனைக் கைவிடுபவரைப் பற்றிய பேச்சு அத்துணை எளிதிற் காணக்கிடைப்பதன்று. ஐக்கிய அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை மாயா மூரின் வாழ்வு இவ்வினாவை அந்தப் பக்கத்திலிருந்து எழுப்புகின்றது.

1989இல் மிசூரி மாநிலத்தின் தலைநகரான ஜெபர்சன் நகரிற் பிறந்தவர் மூர். கொனெக்ரிக்கற் பல்கலைக்கழக அணியில் அவர் ஆடிய நான்கு ஆண்டுகளில் அவ்வணி 150 ஆட்டங்களில் வென்று, நான்கில் மாத்திரமே தோற்றது. 2011இல் மினசோட்டா லிங்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரைத் தன் முதற்றெரிவாக ஏற்றது. அவ்வாண்டிலும், பின்னர் 2013, 2015, 2017 ஆகிய ஆண்டுகளிலும் அவ்வணி சம்பியன் பட்டத்தைப் பெற்றது. 2014இல் தேசிய மகளிர் தொழில்முறைப் போட்டிகளின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருதும், 2012, 2016 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கங்களும் அவருக்குக் கிட்டின. அமெரிக்கப் பருவம் முடிந்ததும் ஸ்பெயினிலும் சீனாவிலும் ஆடினார். மகளிர் ஆட்டத்தின் ஊதியம் ஆடவருடையதில் மிகச் சிறு பங்காகவே இருந்தமையால், வீராங்கனைகள் பலர்க்கு ஆண்டு முழுவதுமே களத்திற் கழிந்தது. இவ்வாறிருக்க, 2019 பெப்ரவரியில், இருபத்தொன்பதாம் வயதில், அவ்வாண்டு தாம் ஆடப்போவதில்லை என அவர் அறிவித்தார்.

அத்துறப்பின் பின்னே ஒரு சிறைவாசி இருந்தார். 1997இல் மிசூரியில் ஒரு வீட்டினுள் திருடப் புகுந்தவன் வீட்டுக்காரரைச் சுட்டுக் காயப்படுத்திய வழக்கில், அப்போது பதினாறு வயதினரான ஜொனதன் ஐரன்ஸ் எதிரியாக்கப்பட்டார். வயதுவந்தவராகக் கருதி விசாரிக்கப்பட்ட அக்கறுப்பின இளைஞருக்கு, வெள்ளையர் மாத்திரமே இருந்த யூரர் சபையின் தீர்ப்பின்பேரில் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவரைக் குற்றத்தோடு பிணைக்கும் பௌதிகச் சான்று எதுவும் இருக்கவில்லை. அவ்வீட்டுக் கதவிற் கண்ட கைவிரல் அடையாளமொன்று அவருடையதுமன்று, வீட்டுக்காரருடையதுமன்று எனக் காட்டிய அறிக்கை எதிரித்தரப்புச் சட்டத்தரணிக்குக் கொடுக்கப்படவேயில்லை. சிறைப்பணியில் ஈடுபட்ட தம் குடும்பத்தார் வழியாக 2007இல் மூர் ஐரன்ஸைச் சந்தித்தார். 2020 மார்ச்சில் நீதிபதி ஒருவர் அவ்வறிக்கை மறைக்கப்பட்டதைக் காரணங்காட்டித் தீர்ப்பை நீக்கினார். ஜூலை முதலாம் நாள் ஐரன்ஸ் ஜெபர்சன் நகரச் சிறையினின்றும் வெளிவந்தார். அவ்வாண்டிலேயே இருவரும் மணந்துகொண்ட செய்தியும் வெளியாயிற்று.

முடிவை அறிந்தபின் மூரைப் போற்றாதார் இலர். ஆயின், 2019இல் அம்முடிவை எவரும் அறிந்திருக்கவில்லை என்பது ஈண்டு கருதற்பாலது. மனு தள்ளுபடியாகி ஐரன்ஸ் சிறையிலேயே இருந்திருப்பின், அதே செயலை உலகம் வீண் என்றிருக்கக்கூடும். செயலின் நேர்மை அதன் பின்விளைவிற் றங்கியுள்ளதாயின், செய்யும் பொழுதில் எவரும் தம் செயலை நியாயப்படுத்த இயலாது.

ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ் 1976இல் இச்சிக்கலை ஆராய்ந்தபோது எடுத்துக்கொண்ட உதாரணம் ஓவியர் கோகன். தம் வாதத்துக்கென அவர் எளிமைப்படுத்திய அக்கோகன், தம்மை நம்பியிருந்த குடும்பத்தை விட்டுக் கலையின்பொருட்டுத் தாகித்தித் தீவுக்குச் செல்கின்றார். அவரை நியாயப்படுத்தக்கூடியது ஏதேனும் உண்டெனில், அது அவர் ஓவியராக வெற்றிபெறுதலேயாம் என்பது வில்லியம்ஸின் கருத்து. மூரின் கதை இதனைத் தலைகீழாக்கியது. ஒரு மனிதரின்பொருட்டுக் கலை கைவிடப்படுகின்றது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. கோகன் வரையாத ஓவியத்தால் எவர்க்கும் பயனில்லை. மூரோ ஐரன்ஸ் சிறையிலிருந்த காலத்திலேயே, உன்னை நம்புகின்றேன் என்பதைத் தம் நேரத்தாலும் உழைப்பாலும் உணர்த்தினார். அவ்வுணர்த்தல் நீதிமன்றம் என் சொல்லினும் நிகழ்ந்துவிட்ட ஒன்று. தோல்வி நேர்ந்திருப்பின் துயர் மிகுந்திருக்கும். செய்தது தவறென்று ஆகியிராது.

திறமையைப் புறக்கணித்தமை குற்றமெனலாமோ? இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், தன் ஆற்றலை வளர்க்காது இன்பத்தில் ஆழ்பவனைக் கண்டிக்கின்றார். எனினும் எந்த ஆற்றலை, எவ்வளவு காலம், எதற்காகப் பேணுவது என்பதில் அக்கடமை தெரிவுக்கு இடம்விடுகின்றது. எட்டுப் பருவங்கள் ஓயாது ஆடிய ஒருவரைச் சோம்பியிருப்பவனோடு சேர்த்தெண்ண யாராலும் முடியாது. இரசிகர்கள் இழந்தது உண்மையே. ஆனால் நுழைவுச்சீட்டு அந்த ஆட்டத்துக்கான விலையேயன்றி, ஆடுபவரின் எஞ்சிய வாழ்வுக்கான முற்பணமன்று. முதல் அறிவித்தலில் மூர் குடும்பத்துக்கும் இறைபணிக்கும் நேரம் ஒதுக்குதல் பற்றியே பேசினார் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. ஓய்வின் தேவையும் நட்பும் சமயப்பற்றும் கலந்தே அவரை இயக்கியிருக்கலாம். தூய நோக்கமொன்றினாற் செய்ததே அறமெனக் கொள்வோர்க்கு இது குறையாகத் தோன்றலாம். மனிதர் செய்யும் நற்செயல்களுள் கலப்பற்ற நோக்கமுடையவை எத்தனை என்று அவர்கள் எண்ணிப்பார்ப்பது நன்று.

இதனினும் கடினமான ஆட்சேபம் ஒன்றுண்டு. அமெரிக்கச் சிறைகளிற் குற்றமற்றோர் ஐரன்ஸ் ஒருவர் மாத்திரமல்லர். அவருக்காக மாத்திரம் உழைத்தது பாரபட்சமாகாதா? எல்லோரையும் சமமாக நோக்கும் அறக்கோட்பாடு அவ்வாறே கேட்கும். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் அறிந்த முகத்தின் உரிமைக்கும், பட்டியலில் உள்ள பெயரின் உரிமைக்கும் வேறுபாடு இல்லையென்பது வாழ்க்கையை அறியாதார் கூற்று. ஆட்சேபத்தின் கூர்மை வேறிடத்திற்றான் உள்ளது. மூரின் சொல்லுக்குச் செவிகள் கிடைத்தமைக்கு அவர் வென்ற நான்கு பட்டங்களும் ஒரு காரணம். திறமையை அவர் துறந்தார் என்பதினும், அது ஈட்டிய புகழை வேறொரு களத்திற் செலவிட்டார் என்பது பொருத்தமாகும். அங்ஙனமாயின், புகழ்பெற்ற நண்பர் வாய்க்காத சிறைவாசியின் நிலை யாது? விரலடையாள அறிக்கை 2020இற் கண்டுபிடிக்கப்பட்ட புதுமையன்று. விசாரணைக் காலத்திலேயே இருந்தது. அதனை வெளிக்கொணர்வது வழக்குத்தொடுநரின் கடமை. மூரைத் தியாகி எனப் புகழும் எழுத்துக்களிற் பல, அக்கடமை தவறியதை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுகின்றன. ஒருவருடைய பெருந்தன்மை, நிறுவனத்தின் பிழையை மூடும் திரையாகிவிடுகின்றது.

மூர் பின்னர் ஆடுகளம் மீளவில்லை. 2023 ஜனவரியில் ஓய்வை முறையாக அறிவித்தார். 2024இல் லிங்ஸ் அணி அவரது 23ஆம் இலக்கச் சட்டையை ஓய்வுபெறச் செய்தது. 2025இல் கூடைப்பந்தாட்டப் புகழ்மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அம்மண்டபத்தார்க்கு எட்டுப் பருவங்களே போதியனவாயின. ஆடாத பருவங்களைக் கணக்கிட அவர்களிடம் ஏடில்லை. பதினாறு வயதிற் சென்று நாற்பதாம் வயதில் வெளிவந்தவரின் ஆண்டுகளைக் கணக்கிடும் ஏடு யாரிடம் உளது என்பதும் தெரியவில்லை.